முன்பக்கம் கண்ணாடி! பின்கதவில் பூட்டு!

புதுப்பித்த ஓட்டலில் விழா நடத்துகிறவர்களே, உஷார்!

கம்மாபுரத்தில் பஸ் ஏறி விருத்தாசலம் பக்கம் போனாலும் சரி, மந்தாரக்குப்பம், நெய்வேலி பக்கம் போனாலும் சரி, அந்த போர்டு கண்ணில் படாமல் இருக்காது. "புதுப்பிக்கப்பட்டது! முழுவதும் ஏ.சி.! கூட்டங்கள், விழாக்கள், வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு ஏற்ற இடம்!"

நேற்று வரை லாட்ஜாக இருந்தது இன்றைக்கு 'ரெசிடென்சி'. கல்யாண மண்டபம் 'மகால்' ஆனது. மகால் இப்போது 'கன்வென்ஷன் சென்டர்' ஆகிவிட்டது. நாலு தென்னை மரமும் ஒரு நீச்சல் குளமும் இருந்தால் போதும், அது 'ரிசார்ட்'.

பெயர் மாறுவதில் நமக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை. ஊருக்கு நாலு நல்ல ஹால் வந்தால் சந்தோஷம்தான்.

முன்பெல்லாம் யூனியன் கூட்டம் என்றால் பள்ளிக்கூடத்து ஹால், கோயில் மண்டபம், அதுவும் இல்லாவிட்டால் வேப்ப மரத்தடி. டவுன்ஷிப்காரர்களுக்கு லிக்னைட் ஹால் இருந்தது. இப்போது உர கம்பெனி டீலர் கூட்டம், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் கூட்டம், பணி ஓய்வு பாராட்டு விழா, வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாமே ஏ.சி. ஹாலுக்கு வந்துவிட்டது. மரத்தடிக்குக் கூப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் மரத்தடியில் ஒரு வசதி இருந்தது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எழுந்து ஓடலாம்!

இப்போது நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. ஓட்டலைப் புதுப்பித்தீர்கள், சரி. பின்கதவைப் புதுப்பித்தீர்களா?

பணம் எங்கே போகிறது?

போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று அலைகிற நிருபர் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. இன்ஜினியர் இல்லை. ஆனால் ஒரு கதவு திறக்கிறதா, திறக்கவில்லையா என்று பார்க்க இன்ஜினியர் படிப்பு எதற்கு?

ஒரு பழைய லாட்ஜைப் புதுப்பிக்கும்போது காசு எங்கே போகிறது, பாருங்கள். முகப்புக்குக் கண்ணாடி. வாசலில் கிரானைட். உள்ளே பால்ஸ் சீலிங். அதில் நூற்றுக்கணக்கில் குட்டி விளக்கு. சுவருக்கு மரப்பலகை மாதிரி ஒரு ஷீட். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை. ஜோடியாக நின்று போட்டோ எடுக்க ஒரு செல்பி மூலை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடம். வாடகை ஏறுவதும் அதனால்தான்.

பின்பக்கம் போய்ப் பாருங்கள். பழைய இரும்புப் படிக்கட்டு துரு ஏறிக் கிடக்கும். படிக்குக் கீழே உடைந்த நாற்காலி, பழைய பெயிண்ட் டப்பா, இலைக் கூடை. பக்கத்திலேயே சமையல்கட்டு. அங்கே 19 கிலோ சிலிண்டர் ஆறோ ஏழோ வரிசையாக நிற்கும். அந்தச் சிலிண்டர்களைத் தாண்டினால்தான் பின்கதவு. கதவில் பூட்டு.

சாவி எங்கே என்று கேட்டால், "மேனேஜர்கிட்ட இருக்கு சார்" என்பார்கள். மேனேஜர் எங்கே? "சாப்பிடப் போயிருக்காரு." ஏன் பூட்டினீர்கள்? "பந்தியில யார் யாரோ பூந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க சார்."

பந்தியில் நாலு பேர் ஓசியில் சாப்பிட்டுவிடக் கூடாது. அதற்காக எழுநூறு பேர் வெளியேறுகிற வழிக்குப் பூட்டு. இது என்ன கணக்கு?

கொல்கத்தாவில் நடந்தது

நான் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 29. இரவு நேரம். கொல்கத்தா படா பஜார் பக்கம், மச்சுவா பழ மார்க்கெட் பகுதியில் உள்ள ரிதுராஜ் ஓட்டலில் தீப்பிடித்தது. 14 பேர் பலி. தீயில் கருகியவர்களைவிடப் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள்தான் அதிகம். தப்பிக்க வழி தெரியாமல் மேலே இருந்து குதித்தும் ஒருவர் உயிரை விட்டார்.

அந்த 14 பேரில் நம்ம கரூர் மாவட்டத்துக்காரர்கள் மூன்று பேர். ஒரு தாத்தா, இரண்டு பேரக் குழந்தைகள். பெற்றோர் வெளியே போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால் கட்டிடம் முழுக்கப் புகை. ஊர் சுற்றிப் பார்க்கப் போன குடும்பம் எப்படித் திரும்பியது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஓட்டலில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? புதுப்பிக்கும் வேலை! கீழ் மாடியைக் கேளிக்கைக் கூடமாக மாற்றக் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்த சாமான்கள் உள்ளேயே கிடந்தன. மேலே ரூம்களில் ஆட்கள் தங்கியிருந்தார்கள். ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். புகை வெளியே போக வழி இல்லை. தீயணைப்புச் சான்று காலாவதியாகி 3 வருடம் ஆகியிருந்தது என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். முதலாளியும் மேனேஜரும் கைதானார்கள். அதனால் கரூருக்குக் குழந்தைகள் திரும்பி வந்துவிடவில்லை.

கீழே வேலை, மேலே விருந்தாளி. இது நம்ம பக்கத்திலும் நடக்கிற விஷயம்தான். முகூர்த்த நாளை விட முதலாளிக்கு மனசு வராது. கீழ் ஹாலில் வெல்டிங் பொறி பறக்கும். மேல் ஹாலில் நிச்சயதார்த்தம் நடக்கும். தின்னர் டப்பாவும் பூக்கூடையும் ஒரே லிப்டில் போகும்.

சென்னை மவுண்ட் ரோடு பக்கம் கன்னிமாரா ஓட்டல் இருக்கிறதே, வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல், அதைப் புதுப்பிக்க 2016-ல் மூடினார்கள். 2018-ல்தான் திறந்தார்கள். பெரிய கம்பெனி, அவர்களால் முடியும் என்பீர்கள். இருக்கட்டும். நம்ம ஊர் முதலாளி இரண்டு வருடம் மூட வேண்டாம். வெல்டிங் நடக்கிற இரண்டு வாரத்துக்காவது புக்கிங் வாங்காமல் இருக்கலாம் இல்லையா?

ஏ.சி. வந்தது, ஜன்னல் போனது

புதுப்பிக்கும்போது முதலில் சாகிறது ஜன்னல்தான்.

ஏ.சி. குளிர் வெளியே போகக் கூடாது என்று ஜன்னலை அடைக்கிறார்கள். சிலர் செங்கல் வைத்தே பூசிவிடுகிறார்கள். சிலர் வெளியே கண்ணாடி, உள்ளே பலகை. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் மாதிரி இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தால் சுவர்.

அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட், தெர்மாகோல் பூ, துணித் தோரணம், சுவர் முழுக்கப் பலகை. இதெல்லாம் பற்றினால் வருவது சாதாரண விறகுப் புகை இல்லை. கறுப்பாக, கனமாக, விஷப் புகை வரும். தீ உங்களைத் தொடுவதற்கு முன்னால் புகை ஆளை மயக்கிப் போட்டுவிடும். கரண்ட் போய்விடும். லிப்ட் பாதியில் நிற்கும். தெரிந்த ஹாலே தெரியாத ஊர் மாதிரி ஆகிவிடும்.

டெல்லி கரோல் பாக்கில் அர்பித் பேலஸ் ஓட்டல். 2019 பிப்ரவரி 12, விடியற்காலை. 17 பேர் இறந்தார்கள். கல்யாணத்துக்காகக் கேரளாவிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பத்தினரும் அதில் உண்டு. அந்த ஓட்டலின் நடைபாதைச் சுவரெல்லாம் அழகுக்காக மரப்பலகை அடித்திருந்தார்கள். தீ மளமளவென்று பரவ அதுவே பாதை போட்டுக் கொடுத்தது.

ஸ்ரீரங்கத்தை மறந்துவிட்டோமா?

வடக்கே நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2004 ஜனவரி 23.

தை மாதம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். காலை நேரம், முகூர்த்தக் கூட்டம். மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு அதன் கீழே மேடை. வீடியோ எடுக்கப் போட்டிருந்த மின் ஒயரில் கசிவு. கீற்று பற்றிக்கொண்டது. இறங்குகிற படிக்கட்டோ குறுகல். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். தாலி கட்ட வந்த மாப்பிள்ளையும் அதில் ஒருவர்.

அதே வருடம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் தீ. 94 குழந்தைகள். அங்கேயும் கீற்றுக் கூரை, குறுகிய படி.

அதற்கப்புறம் கீற்றைக் கண்டாலே அதிகாரிகள் பாய்ந்தார்கள். பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகைகளை எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கீற்று போன இடத்தில் என்ன வந்தது? அதே மாதிரி எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் பஞ்சும் துணியும் வந்தன. கீற்று என்றால் ஏழை வீட்டுச் சாமான், பார்த்ததும் பயம் வருகிறது. பால்ஸ் சீலிங் பணக்காரச் சாமான். பார்த்தால் மரியாதை வருகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு தானே புயலை மறக்க முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்த காற்றில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் காகிதம் மாதிரி பறந்தன. இப்போது பழைய கட்டிடத்து மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, கீழே பால்ஸ் சீலிங் அடித்து, 'ரூப் டாப் ஹால்' என்று வாடகைக்கு விடுகிறார்கள். கீழே இருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும் விளக்கு. விளக்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று யார் ஏறிப் பார்க்கிறார்கள்?

ஹாலுக்குள் மத்தாப்பு!

இப்போது ஒரு புது மோகம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஹாலுக்குள் நடந்து வரும்போது இரண்டு பக்கமும் புஸ்வாணம் மாதிரி நெருப்புப் பொறி எழும்ப வேண்டும். புகை வேண்டும். மேலிருந்து காகிதப் பூ கொட்ட வேண்டும். "இது கோல்டு பயர் சார், சுடாது" என்கிறார் அலங்காரக்காரர். பிறந்த நாள் விழாவுக்கும் இதே. ஏன், ஆபீஸ் மேனேஜர் பணி ஓய்வு பெற்றாலும் இதே!

ஈராக் நாட்டில் கரகோஷ் என்று ஓர் ஊர். 2023 செப்டம்பர் 26 இரவு அங்கே ஒரு கல்யாண விருந்து. ஜோடி ஆடிக்கொண்டிருக்கும்போது ஹாலுக்குள்ளேயே வாணம் விட்டார்கள். பொறி மேலே போய் அலங்காரத்தைப் பிடித்தது. மட்டமான ஷீட் போட்ட கூரை எரிந்து கீழே விழுந்தது. 100 பேருக்கு மேல் பலி. வெளியேற வழிகள் போதவில்லை.

சுடாத நெருப்பு என்று எதுவும் கிடையாது. ஹால்காரர் அனுமதிக்கக் கூடாது. அவர் அனுமதித்தாலும் பெண்ணைப் பெற்றவர் சரி சொல்லக் கூடாது. வீடியோவில் அழகாக இருக்கும் என்பதற்காக வீட்டுப் பெண்ணைப் பணயம் வைப்பதா?

எல்லாரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள்

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கதவு இருந்தால் மட்டும் போதாது. அது இருப்பது கூட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு பாட்டுக் கச்சேரிக் கூடம். 2003 பிப்ரவரி 20. மேடையில் விட்ட வாணத்தில் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு பற்றியது. 100 பேர் செத்துப்போனார்கள். அந்தக் கூடத்துக்கு வெளியேறும் வழிகள் நாலு இருந்தன. ஆனால் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வாசலே அடைத்துக்கொண்டது.

மனுஷ சுபாவம் அது. வந்த வழிக்குத்தான் கால் போகும்.

அதனால்தான் வெளியேறும் வழி என்று கொட்டை எழுத்தில், கரண்ட் போனாலும் எரிகிற விளக்கோடு போர்டு வைக்கச் சொல்கிறார்கள். கூட்டம் கூடுகிற கட்டிடத்துக்கு ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வழியாவது வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதி. உள்பக்கமாகத் திறக்கிற கதவை முன்னால் நிற்கிறவர் இழுத்தால்தான் திறக்க முடியும். பின்னால் நூறு பேர் நெட்டித் தள்ளும்போது அவரால் எப்படி இழுக்க முடியும்? சின்ன விஷயம். ஒரு கீலை மாற்றிப் போடுகிற செலவு.

நம்ம பக்கம் அந்த போர்டு சில ஹாலில் இருக்கிறது. அதன் மேலேயே "மணமக்களை வாழ்த்துகிறோம்" பேனர் கட்டிவிடுகிறார்கள்.

பழைய லைசென்ஸ், புதுக் கட்டிடம்

கேட்டால் எல்லாரும் லைசென்சைக் காட்டுவார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பார்கள்.

தமிழ்நாடு பொதுக் கட்டிட உரிமச் சட்டம் 1965-ல் வந்தது. கல்யாண மண்டபம் நடத்த தாசில்தாரிடம் படிவம் 'டி' லைசென்ஸ் வாங்க வேண்டும். கட்டிடம் உறுதியாக இருக்கிறது என்று இன்ஜினியர் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கென்று 1985-ல் தனிச் சட்டமே இருக்கிறது. சட்டத்துக்கு இங்கே பஞ்சம் இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். லைசென்ஸ் வாங்கியபோது கட்டிடத்துக்குப் பக்கத்துக்கு எட்டு ஜன்னல். கீழே சமையல், மேலே ஹால், இரண்டு படிக்கட்டு. இப்போது ஜன்னல் கிடையாது. ஒரு படிக்கட்டை இடித்து லிப்ட் வைத்துவிட்டார்கள். மேலே இன்னொரு ஹால் முளைத்துவிட்டது. கரண்ட் இழுப்பு பல மடங்கு ஏறிவிட்டது. ஒயர் மட்டும் பாதி பழசு.

இது அந்தக் கட்டிடமே இல்லை! பழைய கட்டிடத்துக்குக் கொடுத்த சான்றை வைத்துக்கொண்டு புதுக் கட்டிடத்தை ஓட்டுகிறார்கள். சைக்கிளுக்கு வாங்கிய ரசீதைக் காட்டி லாரி ஓட்டுகிற மாதிரி.

அதனால் என் கருத்து இதுதான். சான்று புதுப்பிக்கும் தேதி எப்போதோ வரட்டும். ஓட்டலையோ மண்டபத்தையோ ரிசார்ட்டையோ புதுப்பித்துவிட்டு 'திறப்பு விழா' என்று பேனர் கட்டும் அன்றைக்கே பழைய சான்று செல்லாது என்று ஆக்க வேண்டும். தீயணைப்பு அதிகாரி நேரில் வந்து, விளக்கை அணைத்துவிட்டு, பின்கதவு வழியாக ஒருமுறை தானே இறங்கிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் ரிப்பன் வெட்ட வேண்டும். ரிப்பன் வெட்ட வருகிற பிரமுகர்களும் இதைக் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் நல்லது.

மது என்றால் சத்தம். கதவு என்றால் மவுனம்

2023 ஏப்ரலில் ஒரு கூத்து நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? கல்யாண மண்டபங்களிலும் விருந்துக் கூடங்களிலும் தனி லைசென்ஸ் வாங்கி மது பரிமாறலாம் என்று அரசு விதி கொண்டு வந்தது. ஏப்ரல் 24-ந் தேதி விஷயம் வெளியே வந்ததும் தமிழ்நாடே கொதித்தது. கல்யாண வீட்டில் சாராயமா என்று எல்லாக் கட்சியும் கேட்டது. கல்யாண மண்டபத்தில் அனுமதி கிடையாது என்று அமைச்சர் அன்றைக்கே சொன்னார். விதியும் திருத்தப்பட்டது.

சரிதான். சத்தம் போட்டதால் மாறியது. அதே மண்டபத்தில் பின்கதவு பூட்டியிருப்பதைப் பற்றி ஒரு கட்சியாவது ஒரு போஸ்டர் ஒட்டியதா?

ரிசார்ட் என்றாலே நம்ம ஆட்களுக்குக் கூவத்தூர்தான் ஞாபகம் வரும். 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ரிசார்ட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பத்து நாள். அவர்கள் விருப்பப்பட்டு இருக்கிறார்களா, வெளியே வர முடியுமா என்று டீக்கடை டீக்கடையாகப் பேச்சு. கோர்ட்டு வரை போனது. கேட்டுக்கு வெளியே டி.வி. காரர்கள் ராத்திரி பகலாகக் காவல் கிடந்தார்கள். பிப்ரவரி 18-ல் ஓட்டெடுப்பு முடிந்தது, கேட் திறந்தது.

நூற்றுச் சொச்சம் பேருக்காக நாடே கேட்ட கேள்வி அது: "உள்ளே போனவர்கள் வெளியே வர முடியுமா?" ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் நம்ம சொந்தபந்தம் எழுநூறு பேர் உள்ளே போகிறார்களே, அந்தக் கேள்வியை நாம் ஏன் கேட்பதில்லை?

சுரங்கத்துக்காரர்களுக்கு இது தெரியாதா?

எனக்கு ஆச்சரியமே இதுதான். வேறு ஊராக இருந்தால் விட்டுவிடலாம். இது என்.எல்.சி. பூமி. 1956-ல் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து நெருப்போடு குடித்தனம் நடத்துகிற ஊர். பழுப்பு நிலக்கரி குவித்து வைத்தால் தானாகவே புகையும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2020-ல் மே மாதமும் ஜூலை மாதமும் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது என்பதும் தெரியும்.

சுரங்கத்துக்குள் ஹெல்மெட் இல்லாமல் இறங்க முடியாது. எந்தப் பக்கம் வண்டி வரும், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று வகுப்பு நடத்துகிறார்கள். பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறார்கள். பரிசு கொடுக்கிறார்கள். அந்தப் பரிசளிப்பு விழாவுக்கு இனி எந்த ஹாலைப் பிடித்தாலும், முதலில் பின்கதவைப் பார்த்துவிட்டுப் பிடிக்கட்டும்.

வேலையில் ஷிப்டு முழுக்க எச்சரிக்கையாக இருக்கிற அதே மனுஷர், சாயங்காலம் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போனால், எங்கே வாசல் என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மொய்க் கவர் எங்கே கொடுப்பது, பந்தி எந்த மாடியில் என்பதோடு சரி.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

அதிகாரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பணம் கொடுக்கிறவர் நாம். கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. ஹால் பார்க்கப் போகும்போது ஏ.சி. குளிர்கிறதா, டைனிங்கில் எத்தனை இலை விழும் என்று கேட்கிறோம் இல்லையா, அதோடு சேர்த்துக் கேளுங்கள். பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி தேடுகிற நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். இன்னொரு படிக்கட்டு எங்கே என்று கேட்டு அதில் நீங்களே இறங்கிப் பாருங்கள். வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதில் இறங்க முடியுமா என்று யோசியுங்கள். கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற சான்றில் வருடம் என்ன, எந்தக் கட்டிடத்துக்குக் கொடுத்தது என்று படியுங்கள்.

சிலிண்டர் எங்கே நிற்கிறது, ஜெனரேட்டர் டீசல் கேன் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். சிவப்புத் தீயணைப்பான் சுவரில் தொங்கினால் மட்டும் போதாது, அதை எடுத்து அடிக்கத் தெரிந்த ஆள் விழா நேரத்தில் யார் என்று கேளுங்கள்.

"இப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லை சார்" என்று மேனேஜர் சிரிப்பார். சிரிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வரும்போது சாவி கதவிலேயே தொங்கும். முகூர்த்த நாளில் ஹால் கிடைப்பதே கஷ்டம், இதில் கதவைப் பார்ப்பதா என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நியாயம்தான். நல்ல ஹாலுக்கு அலைய வேண்டியிருக்கிறது. அதற்காக யூனியன்களும் வியாபாரிகள் சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். வருடத்துக்குப் பத்துக் கூட்டம் நடத்துகிறவர்கள் அவர்கள். இரண்டு வழி இல்லாத ஹாலில் எங்கள் கூட்டம் நடக்காது என்று ஒரு தீர்மானம் போட்டால் முதலாளிமார் தன்னால் வழிக்கு வருவார்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. முன்பு அஜாக்கிரதையால் மரணம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ. அதிகபட்சம் 2 வருடம். ஸ்டேஷனில் அந்த நம்பரைக் கேட்டாலே, "விடுங்க, பெயிலபிள்" என்று தோளைக் குலுக்குவார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 106-வது பிரிவு. அதிகபட்சம் 5 வருடம். பின்படிக்கட்டில் கிடக்கும் உடைந்த நாற்காலியை அப்புறப்படுத்த ஒரு நாள் கூலிதான் ஆகும்.

தாலுகா ஆபீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த பெரிய முகூர்த்த நாளில், சாயங்காலம் ஏழரை மணிக்கு, ரிசப்ஷன் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து ஜீப்பை எடுங்கள். கம்மாபுரத்தில் ஆரம்பித்து விருத்தாசலம் வரை ஒரு ரவுண்டு, மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு ரவுண்டு. முன்வாசல் பன்னீர் தெளிப்புக்கு நிற்க வேண்டாம், நேராகப் பின்பக்கம் போய்க் கதவைத் தள்ளிப் பாருங்கள். தயவு செய்து முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டு மட்டும் போகாதீர்கள்.